முச்சந்திக்கு வந்த ஒலிப்பெட்டி: பரவலான விற்பனையும் உயர்ந்த பெயரின் மதிப்பும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக இறங்கும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் போகிறது. சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் இதுதான் டவுன். சம்பளம் போட்ட கிழமையில் இங்கே கைத்தொலைபேசிக் கடைகளின் முகப்பில் உருளை வடிவ ஸ்பீக்கர்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் அதிகம் கண்ணில் படும் பெயர் ஜேபிஎல். அசலும் உண்டு, கொப்பியும் உண்டு. வாங்க வருபவர் பாட்டைப் போடச் சொல்லி, உருளையின் இரு ஓரத்திலும் துடிக்கும் ரப்பர் வட்டத்தில் விரலை வைத்துப் பார்க்கிறார். துடிப்பு எவ்வளவு கனம் என்பதைக் கொண்டு பெட்டியின் தரத்தை எடைபோடுகிறார். அடுத்த கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "வாரண்டி எத்தனை மாசம்?"

ஹொலிவூட் திரையரங்குகளுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் ஒலிபெருக்கி செய்து பேர் வாங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர், மலையகத்து முச்சந்திவரை வந்து தொங்குகிறது. இப்படிக் கண்ட இடத்திலும் கிடைத்தால் அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பு இறங்கிவிடாதா என்ற கேள்வி வணிக உலகில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவருகிறது. அதற்குக் கிடைத்த பதில்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. கேள்வியின் அடியில் கிடக்கும் ஓர் அனுமானத்தை மட்டும் எவரும் பெரிதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. ஏழை எளியவர் கைக்கு வந்துவிட்டாலே ஒரு பொருள் மலிந்துவிடும் என்பதுதான் அந்த அனுமானம். மலையகத்தின் ஒலிக்கருவி வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை.

பொருளியலில் இந்த விவாதம் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-இல் எழுதிய ஓய்வு வர்க்கம் பற்றிய நூலோடு சூடுபிடித்தது. பிறர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே விலை உயர்ந்ததை வாங்கும் பழக்கத்தை அவர் விளக்கினார். 1950-இல் ஹார்வி லைபென்ஸ்டைன் இதை மேலும் பிரித்துக் காட்டினார். ஊரே வாங்குகிறது என்பதால் சிலர் ஒரு பொருளை விட்டு விலகுகிறார்கள். அதே காரணத்துக்காகவே வேறு சிலர் அதைத் தேடி வாங்குகிறார்கள். இரண்டும் ஒரே சந்தையில் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒலிக்கருவியில் இரண்டாவது விசைக்கு வலு அதிகம். கைக்கடிகாரத்தை அருகில் வந்தால்தான் பார்க்க முடியும். பாட்டுப் பெட்டியோ, லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின்) ஒரு காம்பராவில் வைத்தால் கடைசிக் காம்பராவரை தன்னைத்தானே விளம்பரம் செய்துகொள்ளும்.

பரவினால் பெயரின் மதிப்பு இறங்கிவிடும் என்ற அச்சம் ஒலிக்கருவி உலகில் முதலில் தெரிந்த இடம் கிராமபோன் தொழில். கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் 1902 ஏப்ரலில் மிலான் நகரில் கரூசோவின் குரலைப் பதிந்தார். அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். மேட்டுக்குடி வீட்டுக் கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஒரே கம்பனி தட்டு விற்கப் புறப்பட்டதால், எதை எந்தப் பெயரில் விற்பது என்ற சிக்கல் உடனேயே எழுந்தது. புகழ்பெற்ற பாடகர்களின் தட்டுகளுக்குச் சிவப்பு முகச்சீட்டு ஒட்டிக் கூடுதல் விலை வைத்தார்கள். 1903-இல் சோனோபோன் என்ற போட்டிக் கம்பனியை விலைக்கு வாங்கி, அந்தப் பெயரைக் குறைந்த விலைத் தட்டுகளுக்கென ஒதுக்கினார்கள். பின்னாளில் இந்தியாவில் ட்வின் என்ற பெயரும் மலிவு வரிசைக்குப் பயன்பட்டது. குழாயின் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்எம்வி முத்திரை அழுக்குப்படாமல் இருக்க, மலிவு விலைக்கு வேறு சட்டை மாட்டிவிட்டார்கள்.

அந்த வேலி எவ்வளவு பயன்பட்டது என்பது ஐயத்துக்குரியது. 1908-இல் கல்கத்தாவில் தட்டு அழுத்தும் ஆலை வந்தபின், ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை மாறியது. காரைக்குடியில் தட்டு விற்ற குடும்பக் கடையிலிருந்து புறப்பட்ட ஏ.வி. மெய்யப்பன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, பிறகு ஏவிஎம் என்ற படநிறுவனத்தையே கட்டினார். தட்டுகள் ஊர் ஊராகப் போயின. எச்எம்வி நாயின் மதிப்பு அதனால் குறையவில்லை. தமிழ் வீடுகளில் அந்தப் படம் ஒலித்தரத்துக்கே அடையாளமாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவை 1955-இல் அகியோ மொரிட்டா எடுத்தார். சொனி என்ற பெயர் அப்போது வெளியுலகில் எவருக்கும் தெரியாது. நிறுவனத்தின் பெயரே டோக்கியோ சூஷின் கோக்யோ. சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு நியூயோர்க் போன மொரிட்டாவிடம், புலோவா கடிகார நிறுவனம் ஒரு லட்சம் ரேடியோ வாங்க முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: பெட்டியில் புலோவாவின் பெயர் இருக்கவேண்டும். டோக்கியோவில் இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள். மொரிட்டா மறுத்தார். பரவலாக விற்பதற்கு அவர் அஞ்சவில்லை, அதற்காகத்தான் அமெரிக்காவுக்கே போயிருந்தார். தான் செய்த பொருளுக்கு இன்னொருவர் பெயர் போவதைத்தான் அவர் ஏற்கவில்லை. பெயரும் அதற்குப் பொறுப்பானவரும் பிரியக்கூடாது என்ற இந்தக் கருத்தே, பின்னால் வந்த பல வீழ்ச்சிகளைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாகிறது.

இலங்கையில் கதை வானொலியோடு தொடங்குகிறது. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் ஒலிக்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. 1950-இல் வர்த்தக சேவை வந்தது. அதன் தமிழ் ஒலிபரப்பைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் காத்திருந்து கேட்டார்கள். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட் என்ற பெயர்கள் திரைநட்சத்திரப் பெயர்களுக்கு நிகராயின. இத்தனை புகழ்பெற்ற ஒலிபரப்பு தோட்டத்தில் கேட்க வேண்டுமானால் பெட்டி வேண்டும். வால்வு ரேடியோ துரை பங்களாவிலும் பெரிய கங்காணி வீட்டிலும் டவுன் கடைகளிலும் இருந்தது. லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் எட்டியிருக்கவில்லை.

டிரான்சிஸ்டர் அதை மாற்றியது. தோளில் மாட்டும் வார், முன்புறத்தில் ஊசித்துளை போட்ட தோலுறை, பின்மூடியைத் திறந்தால் வரிசையாகப் பற்றரிகள்: நேஷனல், பிலிப்ஸ், சொனி என்ற பெயர்கள் லயத்துக்குள் நுழைந்தது இந்த உருவத்தில்தான். பற்றரி தீரும் தறுவாயில் அதை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். தோலுறை நைந்தால் தைத்துப் போடுவார்கள். உறையை ஒருபோதும் கழற்றமாட்டார்கள், பெயர் பொறித்த தகடு தெரியும்படிதான் தைப்பார்கள். ஒரு நிறுவனம் தன் பெயருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த நகரத்துக் கண்ணாடிக் கடையில் எதிர்பார்க்க முடியும்?

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. அரிசிக்கும் மாவுக்குமே வரிசையில் நின்ற காலம்; தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம். வெளிநாட்டு ரேடியோ அப்போது மிக அரிய பொருள். 1977-இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் ஜப்பானிய ரேடியோ கசெட்டுகள் கொழும்புக் கடைகளை நிரப்பின. கொஞ்சக் காலத்துக்குள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள், விடுமுறையில் வரும்போது இரட்டைக் கசெட் பெட்டிகளைச் சுமந்து வந்தார்கள். அருமையாக இருந்த பொருள் ஆறேழு ஆண்டுகளில் சாதாரணமாகிவிட்டது. விலகல் விசை மட்டும்தான் உண்மை என்றால் சொனியும் நேஷனலும் அன்றோடு மதிப்பிழந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கலியாண வீட்டில் சொனிப் பெட்டி வைத்திருப்பதாகச் சொல்வது பெருமையாகவே நீடித்தது. "ஜப்பான் சாமான்" என்று சொன்னால், விளக்கம் தேவைப்படாத பாராட்டாக அது இருந்தது.

அப்படியானால் எந்தப் பெயர்தான் கெட்டது? ஒலிக்கருவி உலகில் உண்மையாகவே விழுந்த பெயர்கள் உண்டு. அவற்றுள் மூன்றின் கதை, மலையக வாசகருக்கு மிகப் பழக்கமான இன்னொரு பெயரோடு பின்னிக் கிடக்கிறது.

அக்காய் 1970-களில் நாடாப் பதிவுக் கருவிகளில் தலைசிறந்த பெயர்களுள் ஒன்று. கண்ணாடியும் ஃபெரைட் படிகமும் கொண்டு அது செய்த ஜிஎக்ஸ் பதிவுத்தலை, ஆண்டுக்கணக்கில் நாடா உரசினாலும் எளிதில் தேயாது. மின்மாற்றி செய்யும் தொழிலில் தொடங்கிய சான்சுயி, அம்ப்ளிஃபயருக்குப் பேர்போனது. நக்கமிச்சி 1982-இல் வெளியிட்ட டிராகன், கசெட்டின் கோணம் மயிரிழை விலகினாலும் தானே சரிசெய்துகொள்ளும். கசெட் யுகத்தின் உச்சமென இன்றும் அதைச் சொல்பவர்கள் உண்டு. இசைத்தட்டு குறுந்தட்டாக மாறிய காலத்தில் மூன்றும் தடுமாறின. ஜேம்ஸ் டிங்கின் செமி டெக் குழுமம் 1990-களில் அக்காயையும் சான்சுயியையும் தன்வசமாக்கியது. அதே குழுமம் ஏற்கெனவே 1989-இல் கைப்பற்றியிருந்த பெயர் சிங்கர்.

1877 முதல் இலங்கையில் தையல் இயந்திரம் விற்றுவரும் அதே சிங்கர்தான். தவணைக்குப் பொருள் கொடுக்கும் முறையை 1850-களிலேயே அமெரிக்காவில் பரப்பிய நிறுவனம் அது. பிணைக்கு ஆள் பிடித்து, முற்பணம் கட்டி, மாதாமாதம் தவணை கட்டி ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவரும் அந்த முறை இல்லாவிட்டால், மலையகத்தின் பல வீடுகளில் தையல் இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ வந்திருக்காது. பரவலான விற்பனைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இலங்கையில் இல்லை.

1999 செப்டெம்பரில் சிங்கரின் பன்னாட்டுத் தாய்நிறுவனம் அமெரிக்காவில் வங்குரோத்துச் சட்டப் பாதுகாப்பு கோரியது. அக்காய் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட செமி டெக் குழுமம் 2000-இல் ஹொங்கொங்கில் கலைக்கப்பட்டது. அந்நகரின் மிகப் பெரிய வணிக வீழ்ச்சிகளுள் ஒன்று அது. ஒரே கூரை இடிந்தபோது அக்காய், சிங்கர் என்ற இரண்டு பெயர்களும் அடியில் இருந்தன. அதன்பின் அவை போன வழிகள் வேறு வேறு.

அக்காய், சான்சுயி, நக்கமிச்சி ஆகிய மூன்றும் ஹொங்கொங்கின் கிராண்டே ஹோல்டிங்ஸிடம் சேர்ந்தன. பெயரை உரிமத்துக்கு விடுவதே அதன்பிறகு தொழிலாயிற்று. எந்த நாட்டில் யார் பணம் கட்டுகிறாரோ அவர் தன் பெட்டியில் அந்தப் பெயரை ஒட்டலாம். ஜிஎக்ஸ் பதிவுத்தலையைச் செய்த பொறியாளருக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தியாவில் இது முன்னரே தொடங்கியிருந்தது. 1990-களின் பிற்பகுதியில் பேரன் இன்டர்நஷனல், பழைய தொலைக்காட்சியைக் கொடுத்துவிட்டுப் புதிய அக்காயைக் குறைந்த விலைக்கு எடுத்துப்போகச் சொன்னது. விற்பனை பறந்தது, போட்டியாளர்களும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. சான்சுயி பெயரை வீடியோகோன் குழுமம் தொலைக்காட்சிகளுக்குப் பயன்படுத்தியது. இன்று தமிழ்நாட்டில் சான்சுயி என்றால் பலருக்கு நினைவு வருவது மலிவு விலைத் தொலைக்காட்சிதான். அம்ப்ளிஃபயர் சிலருக்கு மட்டுமே நினைவிருக்கிறது.

இலங்கைச் சிங்கர் அந்த இடிபாட்டில் புதையவில்லை. கொழும்புப் பங்குச்சந்தையில் பதிவான உள்ளூர் நிறுவனமாக அது தொடர்ந்தது. 2017-இல் ஹேலீஸ் குழுமத்தின் கைக்கு வந்தது. மக்கள் கருத்துக்கணிப்பில் நாட்டின் விருப்பப் பெயராகப் பல ஆண்டுகள் தொடர்ந்து தேர்வாயிற்று. சிங்கர் பெயரில் வரும் எல்லாப் பொருளும் சிங்கர் செய்தது என்றும் சொல்லமுடியாது. பிறர் செய்த சாமானில் தன் பெயரை ஒட்டுவதில் அதற்கும் அக்காய்க்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று மட்டும் வேறு. சிங்கர் பெட்டி பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்துக் கேட்பதற்கு ஒரு காட்சியறை இருந்தது. அங்கே தவணை அட்டை எழுதியவரும் இருந்தார். அக்காய் பெட்டிக்கு அப்படி ஒருவர் நிலையாக இல்லை. உரிமம் கைமாறும்போதெல்லாம் பொறுப்பும் கைமாறியது. இந்த ஒப்பீடுதான் இக்கட்டுரையின் மையச் சான்று. இரண்டும் பரவலாக விற்ற பெயர்கள், இரண்டுக்கும் ஒருகாலத்தில் ஒரே உடைமையாளர். ஆகவே ஒன்று விழுந்து மற்றது நின்றதற்குப் பரவலைக் காரணமாக்க முடியாது.

மேலை நாட்டு நிறுவனங்கள் இதே சிக்கலை வேறு வழிகளில் கையாண்டன. வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸ் 1964-இல் தொடங்கிய நிறுவனம், தன் பொருளைத் தன் சொந்தக் கடைகளில் தன் விலைக்கே விற்று மதிப்பைக் காத்தது. 2020 தொடக்கத்தில் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், அவுஸ்திரேலியாவில் இருந்த 119 கடைகளை மூடுவதாக அறிவித்தது. வாங்குவோர் இணையத்துக்குப் போய்விட்டார்கள் என்பது காரணம். டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன் 2012-இல் இளைஞருக்கென விலை குறைந்த வரிசையைத் தனிப்பெயரில் இறக்கி, பின்னர் அந்தத் தனிப்பெயரை விட்டுவிட்டது. கிராமபோன் காலத்து வேலி இங்கேயும் நிலைக்கவில்லை.

ஜேபிஎல் வேலியே போடவில்லை. ஜேம்ஸ் பி. லான்சிங் 1946-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1957-இல் அது வெளியிட்ட பாரகன், ஏறத்தாழ ஒன்பது அடி அகலமான மரத்தளபாடம் போன்ற ஒலிபெருக்கி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தும் ஆயிரம் அளவில்தான் செய்தார்கள். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்று செய்த கருவியை 1970-இல் எல்100 என்ற பெயரில் வீட்டுக்கு விற்றபோதே நிறுவனம் பெருந்தெருவுக்கு இறங்கிவிட்டது. அந்தப் பெட்டி அமோகமாக விற்றது, அதற்கு இன்றும் மதிப்பு உண்டு. 1969-இல் சிட்னி ஹார்மனிடமும், 2017-இல் ஹார்மன் குழுமத்தோடு சேர்ந்து சாம்சங்கிடமும் உடைமை மாறியது; பொறியியல் பிரிவு கலைக்கப்படவில்லை. 2012-இல் வந்த கையடக்க ஃப்ளிப் வரிசையும், பல்லாயிரம் டொலர் விலையுள்ள எவரெஸ்ட் வரிசையும் ஒரே பெயரில்தான் விற்கப்பட்டன. எவரெஸ்ட் வாங்குபவர் நோர்வூட்டில் ஃப்ளிப் தொங்குவதால் மனம் மாறினார் என்பதற்குச் சான்று இல்லை.

"மலிவுச் சந்தை" என்ற சொல்லும் யார் கையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஃப்ளிப் 6 அமெரிக்காவில் 130 டொலருக்கு வந்தது. அங்கே அது பேரங்காடியில் தற்செயலாகக் கூடைக்குள் விழும் பொருள். டொலருக்கு 300 ரூபா வீதம், வரி எதுவும் சேர்க்காமல், 39,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளருக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 29 நாள் கொழுந்து பறித்தால்தான் அந்த உருளை ஒன்று கிடைக்கும். 2022-இல் ரூபாவின் பெறுமதி சில மாதங்களுக்குள் டொலருக்கு ஏறத்தாழ 200-இலிருந்து 360-க்கு விழுந்தபோது இந்த நாட்கணக்கு இன்னும் நீண்டது. ஒரு மாத உழைப்பைக் கொடுத்து வாங்குபவரின் கையில் ஒரு பெயர் மலிவுபட்டுவிட்டது என்று சொல்வது நியாயமே இல்லை. அவரைவிடக் கவனமாக அந்தப் பெயரைச் சோதிப்பவர் உலகில் வேறு யார்?

உண்மையான சேதம் கொப்பியிலிருந்து வருகிறது. அசலின் பெயர், நிறம், பெட்டி எல்லாம் அப்படியே; உள்ளே மெல்லிய கூம்பும் சின்னப் பற்றரியும். ரப்பர் வட்டம் துடிப்பது போலிருந்தாலும் சில கொப்பிகளில் அது வெறும் ஒட்டுத்தகடு. விலை அசலில் ஒரு சிறு பங்குதான் என்பதால் வாங்கியவர் ஏமாறினார் என்றும் எப்போதும் சொல்லமுடியாது. பலர் தெரிந்தேதான் வாங்குகிறார்கள். ஆனால் சில மாதத்தில் அது மூச்சடைத்துக் கிடக்கும்போது, பக்கத்துக் காம்பராவில் கெட்டுப்போவது அந்தப் பெயர்தான். கொப்பி அதிகம் நுழையும் இடம், அசல் ஒழுங்கான விலையோடும் முத்திரை குத்திய உத்தரவாத அட்டையோடும் வந்து சேராத இடம். கொழும்பிலும் கண்டியிலும் மட்டும் முகவர் வைத்துவிட்டு மலையகத்தை விட்டுவிடும் நிறுவனம், தன் பெயரைக் காப்பதாக எண்ணிக்கொண்டு கொப்பிக்காரருக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. அட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகி வருவதும் இதில் சேர்த்தி. படிக்க முடியாத உத்தரவாதத்தை எவரும் கேட்டு வாங்குவதில்லை.

பழுதானால் கேட்கவும் திருத்தவும் ஓர் இடம் இருந்தால்தான் பெயர் நிற்கும் என்பது பழைய ரேடியோ திருத்தும் கடைகளுக்கு நன்றாகவே தெரியும். வால்வு காலத்துப் பெட்டிகள் பலவற்றின் பின்மூடிக்குள் மின்சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். டயல் நூல் அறுந்தால் மாற்றலாம், ஒலிக்குமிழ் கரகரத்தால் துடைக்கலாம். தோட்டப்புற டவுன்களில் நேஷனலும் பிலிப்ஸும் முப்பது நாற்பது ஆண்டு பாடியதற்கு ஜப்பானிலும் ஹொலந்திலும் இருந்த பொறியாளர்களோடு இந்தச் சின்னக் கடைகளும் காரணம். இன்றைய உருளைகளில் மூடி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. லித்தியம் பற்றரி களைத்துவிட்டால், அசலாக இருந்தாலும் பெட்டி பெரும்பாலும் குப்பைக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பற்றரி ஒழுங்குவிதி, கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பயனரே கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்கிறது. 2027 பெப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. அந்தச் சந்தைக்காக வடிவமைப்பை மாற்றும் நிறுவனங்கள் அதே வடிவத்தை இலங்கைக்கும் அனுப்புமா, மாற்றுப் பற்றரி ஹட்டன் கடைகளில் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே, இந்தப் பெயர்களைப் பற்றி நோர்வூட் அடுத்த பத்தாண்டில் என்ன பேசும் என்பது தெரியவரும்.